கார் ஏ.சி. கம்ப்ரசர் பழுது: அறிகுறிகளும் சான்றுகளும்

காரின் குளிர்சாதனம் குளிர்ச்சி தரத் தவறும்போது பணிமனைகளில் முதலில் ஐயத்துக்குள்ளாவது கம்ப்ரசர். அந்த அமைப்பிலேயே விலை மிகுந்த உறுப்பும் எஞ்சினின் விசையால் சுழலும் ஒரே உறுப்பும் அதுவே என்பதால் ஐயம் இயல்பானதுதான். ஆனால் அந்த ஐயம் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட பிறகுதான் கம்ப்ரசர் கழற்றப்படுகிறதா என்பது வேறு கேள்வி. இப்பழுதை ஆராய்வோர் இரண்டு வினாக்களைத் தனித்தனியே எழுப்ப வேண்டியிருக்கிறது: கம்ப்ரசர் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்பது முதலாவது, கெட்டிருந்தால் அதைக் கெடுத்தது எது என்பது இரண்டாவது. தயாரிப்பாளர்களின் பழுதுநீக்கக் கையேடுகள் இரண்டையும் பேசுகின்றன. அன்றாட நடைமுறையிலோ முதல் வினாவுக்கு அரைகுறை விடை தேடப்படுகிறது, இரண்டாவது பல வேளைகளில் கேட்கப்படுவதே இல்லை. புதிதாகப் பொருத்திய கம்ப்ரசர் ஒரே கோடைக்குள் மீண்டும் கெட்டுப்போவதற்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும், பெல்ட்டால் இயங்கும் கம்ப்ரசர் கொண்ட சிறிய கார்களை மையமாக வைத்து, இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் முறைகள் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூடிய குழாய்ச் சுற்றில் ஓயாமல் சுற்றிவரும் ஒரு பொருள், ஓரிடத்தில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதும் வேறோரிடத்தில் மீண்டும் திரவமாகி அவ்வெப்பத்தை வெளியேற்றுவதுமே குளிர்சாதனத்தின் அடிப்படை. அப்பொருள் குளிர்பதனி எனப்படுகிறது. பணிமனை வழக்கில் அது வெறும் ‘கேஸ்’. இந்தியக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிர்பதனி; வளிமண்டல அழுத்தத்தில் அது −26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஆவியாக்கியில், அதாவது ‘கூலிங் காயிலில்’, குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியான குளிர்பதனியைக் கம்ப்ரசர் உறிஞ்சி, அழுத்தி, சூடான உயர் அழுத்த வாயுவாகத் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அவ்வாயு வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய ட்ரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளை வழியாகப் பீறிடும்போது அதன் அழுத்தம் சரிந்து, ஆவியாக்கியில் மறுபடியும் கொதிக்கத் தொடங்குகிறது. இச்சுற்றில் கம்ப்ரசரின் பணி அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவது மட்டுமே. அந்தப் பணியைச் செய்ய அது இரண்டு வகையில் சுற்றின் பிற பகுதிகளைச் சார்ந்திருக்கிறது: அதற்குரிய எண்ணெயின் பெரும்பகுதி கம்ப்ரசருக்குள்ளேயே தங்கிவிடாமல் கேஸோடு கலந்து சுற்று முழுவதும் பயணம் செய்து திரும்புகிறது, அவ்வாறு திரும்பும் குளிர்ந்த வாயுவே கம்ப்ரசரின் சூட்டையும் தணிக்கிறது. ஆகவே கேஸ் கசிந்து குறையும்போது குளிர்ச்சியோடு சேர்ந்து எண்ணெயின் வரத்தும் சூடு தணியும் வழியும் குறைகின்றன. கம்ப்ரசரின் சாவுகளில் பெரும்பான்மையை விளக்க இந்த ஓர் உண்மையே போதுமானது.

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல்களில் ஆலையிலேயே பொருத்தித் தந்த குளிர்சாதனத்தில் கிளட்ச் என்ற உறுப்பே இல்லை. குளிர் வேண்டாதபோது எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்காந்தக் கிளட்ச் இந்தத் தொல்லையை நீக்கியது: புல்லி எப்போதும் சுழன்றுகொண்டே இருக்க, சுருளில் மின்சாரம் பாயும்போது மட்டும் முன்தட்டு புல்லியோடு ஒட்டிக்கொண்டு கம்ப்ரசரின் தண்டைச் சுழற்றும். உள்ளே இருக்கும் பொறியமைப்போ பலவகைப்பட்டது. தண்டில் சாய்வாகப் பொருத்தப்பட்ட வட்டு பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளும் வகை பரவலானது. சுழலும் தகடுகளைக் கொண்டதும், ஒன்றுக்குள் ஒன்று சுழலும் சுருள்வடிவத் தகடுகளைக் கொண்ட ஸ்க்ரோல் வகையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் பிரிவு 1980-களின் நடுவில் கொண்டுவந்த வி-5 போன்றவை, தேவைக்கேற்ப வட்டின் சாய்வைத் தாமே மாற்றிக்கொண்டு பிஸ்டன் நகரும் தொலைவைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல மாறுகொள்ளளவுக் கம்ப்ரசர்கள். இவற்றின் வழித்தோன்றல்கள் சிலவற்றில் கிளட்ச் மீண்டும் மறைந்துவிட்டது. புல்லியும் தண்டும் எப்போதும் சேர்ந்தே சுழல, மின் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று மட்டுமே அளவை ஆளுகிறது. கிளட்ச் ஒட்டும் ஓசை கேட்கவில்லை என்பதைப் பழுதின் அறிகுறியாக ஒரு வகைக் காரில் கொள்ளலாம், இன்னொரு வகையில் கொள்ள முடியாது என்பதால், காரில் இருப்பது எந்த வகை என்று அறிவதே சோதனையின் முதல் படி.

கம்ப்ரசருக்குத் தொடர்பே இல்லாத குறைகள் கம்ப்ரசர் பழுதைப் போலவே வேடமிடுவதுண்டு. கிணற்றில் நீர் இருக்கிறதா என்று பாராமல் பம்ப்செட்டைப் பிரித்துப் போடும் பிழை இங்கேதான் நிகழ்கிறது. கேபின் ஃபில்டரில் தூசி அடைத்துக்கொண்டால் வருகின்ற காற்று குளிர்ந்தே இருக்கும், ஆனால் போதுமான அளவு வராது. ஹீட்டருக்கான மடல் முழுமையாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்றோடு எஞ்சினின் சூடும் கலந்துவிடும். கம்ப்ரசர் குறையின்றி உழைத்துக்கொண்டிருக்கும்போதே பயணி வியர்த்துக்கொண்டிருப்பார். ஆவியாக்கியின் வெப்பநிலையை அளந்து, உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தும் தெர்மிஸ்டர் என்ற உணரி கெட்டுப்போனால் காயிலின் மேல் பனி படிந்து காற்று வழியை அடைத்துவிடும். முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, சிறிது நேரம் அணைத்துவைத்தால் தானாகச் சரியாகிவிடுவது இதன் அடையாளம். 796 சிசி எஞ்சின் கொண்ட மாருதி 800 போன்ற சிறிய கார்களின் பரம்பரையில் இன்னொன்றும் உண்டு: ஏற்றத்திலோ முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதோ, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போதோ, எஞ்சினை ஆளும் கணினி கம்ப்ரசரைத் தானே துண்டித்துவிடும். அது வடிவமைப்பின் ஒரு பகுதி, பழுதன்று.

இவற்றை விலக்கிய பிறகு ஆய்வு மின்சாரப் பக்கம் திரும்ப வேண்டும்; ஏனெனில் கழற்றாமல், கேஸை வெளியேற்றாமல், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய சோதனைகள் அங்கேதான் இருக்கின்றன. கிளட்ச் ஒட்டாதபோது கேட்க வேண்டியது ஒன்றுதான்: சுருளின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா? வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங், பிரஷர் ஸ்விட்ச், கணினி என்ற வரிசையில் எங்கோ குறை இருக்கிறது, கம்ப்ரசர் குற்றமற்றது. பிரஷர் ஸ்விட்ச் என்பது சுற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பாருக்குக் கீழே போனாலும், 30 பார் அளவைத் தாண்டினாலும் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் உறுப்பு. கேஸ் தீர்ந்துபோன நிலையில் எண்ணெய் வரத்தின்றிக் கம்ப்ரசர் ஓடிவிடக் கூடாது என்பதே கீழ் எல்லையின் நோக்கம். இந்த ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்துக் கிளட்சைக் கட்டாயப்படுத்தி ஒட்டவைக்கும் பழக்கம் சில இடங்களில் நிலவுகிறது. சோதனைக்காகச் சில நொடிகள் செய்வது வேறு. அப்படியே விட்டு வண்டியை அனுப்புவது கம்ப்ரசரைக் கொல்வதற்கு ஒப்பானது.

மின்சாரம் வந்தும் தட்டு ஒட்டவில்லையென்றால் சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். 12 வோல்ட் கிளட்சுகளில் அது பெரும்பாலும் 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். ஆனால் சுருளும் மின்சாரமும் சரியாக இருந்தும் கிளட்ச் மறுக்கும் நிலை ஒன்று உண்டு. தவறாகத் தீர்ப்பு எழுதப்படும் கம்ப்ரசர்களில் கணிசமானவை இந்நிலையில் இருப்பவையே. முன்தட்டுக்கும் புல்லிக்கும் இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். பல்லாயிரம் முறை ஒட்டி விலகியதில் பரப்புகள் தேய்ந்து அந்த இடைவெளி அகலும்போது, தட்டை இழுக்க முன்னிலும் வலிய காந்தப்புலம் தேவைப்படுகிறது. சுருள் செம்பாலானது, அதன் வெப்பம் 80 டிகிரி உயர்ந்தால் மின்தடை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடி, பாயும் மின்னோட்டமும் காந்த விசையும் அதற்கேற்பக் குறைகின்றன. காலையில் புறப்படும்போது சில்லென்று குளிர்ந்த கார், நண்பகல் நெரிசலில் திடீரென வெறும் காற்றை வீசி, ஒரு மணி நேரம் நிழலில் நின்ற பின் மீண்டும் குளிர்வது இதனால்தான். ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, தண்டின் நுனியில் உள்ள ஷிம் என்ற மெல்லிய வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டாலே பல வண்டிகளில் இது தீர்ந்துவிடுகிறது. ஒரு வளையத் தகட்டுக்காக முழுக் கம்ப்ரசரையும் மாற்றியவர்கள் குறைவில்லை.

ஓசையை வைத்து முடிவு காண்பது பழமையான முறை; அனுபவம் உள்ள காதுக்கு அது இன்றும் பயன்படுகிறது, ஆனால் அதை ஒழுங்காகப் பகுத்துக் கேட்க வேண்டும். கிளட்ச் உள்ள வகையில், ஏ.சி. அணைத்திருக்கும்போதும் தொடரும் இரைச்சல் கம்ப்ரசரின் உட்பகுதியிலிருந்து வர இயலாது, ஏனெனில் அப்போது தண்டு சுழலவில்லை. புல்லிக்குள் இருக்கும் பேரிங்கே அதன் பிறப்பிடம், அதைத் தனியாக மாற்றலாம். ஏ.சி. போட்டதும் எழும் கீச்சொலி பெல்ட் வழுக்குவதையோ கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உராய்வதையோ குறிக்கலாம். பின்னதில் கருகிய வாடையும் சேர்ந்து வரும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறும் தட்டொலியும் அரைபடும் ஒலியும் மட்டுமே உட்பகுதித் தேய்மானத்தைச் சுட்டுகின்றன. அவையும் தாங்கிப் பட்டைகளின் போல்ட் தளர்ந்ததால் எழுந்தவையல்ல என்று உறுதிசெய்த பிறகே நம்பத் தக்கவை. எஞ்சினை நிறுத்தி, கிளட்சின் முன்தட்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பது எளிய துணைச் சோதனை. சீரான மெல்லிய தடையோடு சுழன்றால் நல்லது. மணல் அரைபடுவது போல உணர்ந்தால் உள்ளே தேய்மானம். அசையவே மறுத்தால் பணிமனை மொழியில் கம்ப்ரசர் ‘ஜாம்’. தடையே இல்லாமல் வெறுமனே சுழன்றால் உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது, அல்லது சுற்றில் கேஸே இல்லை.

அழுத்தமானிகள் வழியான ஆய்வே இத்துறையின் மையம். தவறான பொருள்கோள் மிகுதியாக நடப்பதும் அங்கேதான். எஞ்சின் ஓடாமல், வண்டி நன்கு ஆறிய நிலையில், தாழ் அழுத்தப் பக்கமும் உயர் அழுத்தப் பக்கமும் ஒரே அளவைக் காட்டும். அந்த அளவு சுற்றுப்புற வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஆர்-134ஏ-க்கு 30 டிகிரியில் அது சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ. சுற்றுக்குள் திரவமாகச் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் இதே அளவுதான் தெரியும் என்பது பலர் கவனியாத செய்தி: 400 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 200 கிராமே இருந்தாலும் ஓய்வுநிலை அழுத்தம் மாறாது. எனவே ‘பிரஷர் இருக்கிறது, கேஸ் சரியாக இருக்கிறது, கம்ப்ரசர்தான் போய்விட்டது’ என்ற முடிவுக்கு ஓய்வுநிலை அளவு சான்றாகாது. மாறாக, அட்டவணையில் உள்ள அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் சுற்றுக்குள் காற்றோ வேறு வாயுவோ கலந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். சுற்றில் உள்ள கேஸின் உண்மையான அளவை அறிய ஒரே வழி, மீட்பு இயந்திரத்தால் முழுவதையும் வெளியே எடுத்து எடை போட்டுப் பார்ப்பதுதான்.

ஓடும் நிலையில், 35 டிகிரி வெயிலில் நலமான காரொன்று தாழ் பக்கத்தில் ஏறத்தாழ 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையும் உயர் பக்கத்தில் 200 முதல் 275 பிஎஸ்ஐ வரையும் காட்டக்கூடும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்தோ, அதன் மெல்லிய தகட்டு வால்வுகள் முறிந்தோ போனால் அழுத்திய வாயு பின்னோக்கிக் கசிவதால் தாழ் பக்கம் ஏறி, உயர் பக்கம் இறங்கி, இரு முட்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. அணைத்த சில நொடிகளிலேயே இரண்டும் சமமாகிவிடுவதும் உண்டு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் மிகுதி, அல்லது கண்டென்சரில் காற்றோட்டக் குறைவு. தாழ் பக்கம் வெற்றிடத்தை நோக்கிச் சரிந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. அது விட்டுவிட்டு நிகழ்ந்தால் சுற்றில் உள்ள ஈரம் வால்வின் துளையில் உறைந்து கரைகிறது.

நூல்கள் இந்த வடிவங்களைத் துலக்கமான கட்டங்களில் அடைத்துக் காட்டினாலும் உண்மையில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் தாழ் பக்கம் உயரும். அப்போது கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் பனிநீர் வழியக் குளிர்ந்திருக்கும், தேய்ந்த கம்ப்ரசரிலோ அக்குழாய் வெறுமனே வெதுவெதுப்பாக இருக்கும். மாறுகொள்ளளவுக் கம்ப்ரசரில் சிக்கல் இன்னும் கூடுகிறது: அதன் கட்டுப்பாட்டு வால்வு பழுதாகி வட்டு குறைந்த சாய்விலேயே நின்றுவிட்டால் அழுத்தமானிகள் காட்டும் படம் செத்த கம்ப்ரசரின் படத்திலிருந்து வேறுபடுவதே இல்லை. பல மாடல்களில் அந்த வால்வைத் தனியே கழற்றி மாற்றிவிடலாம் என்பதால், இவ்வகைக் கம்ப்ரசரை அழுத்தமானியை மட்டும் நம்பிக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. வால்வுக்குக் கணினி அனுப்பும் மின்துடிப்பை ஸ்கேன் கருவியில் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி குறைந்து ஓடும்போது கூடுவது, தமிழகத்தின் நெரிசலான நகரங்களில் மிகுதியாகக் கேட்கப்படும் முறையீடு. இதற்குத் தேய்ந்த கம்ப்ரசரும் காரணமாகலாம், ஓடாத கண்டென்சர் விசிறியும் காரணமாகலாம். வண்டி ஓடும்போது எஞ்சின் வேகமும் காற்றோட்டமும் சேர்ந்தே கூடுவதால் இரண்டும் ஒரே முகம் காட்டுகின்றன. நின்ற இடத்திலேயே இரண்டையும் பிரித்துவிட முடியும். வண்டியை நிறுத்தியபடி எஞ்சின் வேகத்தை 2000 சுற்றுகள் வரை உயர்த்தினால் கம்ப்ரசரின் வேகம் கூடும், காற்றோட்டம் கூடாது. கண்டென்சர்மேல் தண்ணீர் தெளித்தால் குளிர்விப்பு கூடும், கம்ப்ரசரின் வேகம் கூடாது. முன்னதில் முட்கள் விலகிக் குளிர்ச்சி மீண்டால் கம்ப்ரசர் ஐயத்துக்குரியது. பின்னதில் மீண்டால் விசிறியையும் கண்டென்சரின் தூசியையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் இச்சோதனை செய்யப்படாமலே பல கம்ப்ரசர்கள் கழற்றப்படுகின்றன.

காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆவியாக்கி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீராவியை நீராக்கியும் வடிக்கிறது. அதற்குச் செலவாகும் வெப்பம் சிறிதன்று. கத்திரி வெயிலில் வேலூரின் வறண்ட காற்றில் ஒரு காரின் காற்றுத் திறப்பில் அளந்த வெப்பநிலையையும், சென்னைக் கடற்கரையின் புழுக்கத்தில் அதே காரில் அளந்ததையும் ஒப்பிட்டால், பின்னது சில டிகிரி கூடுதலாக இருப்பது பழுதின் அடையாளமாகாது. கையேடுகள் தரும் செயல்திறன் வரைபடங்களில் ஈரப்பதத்துக்கு ஓர் அச்சு ஒதுக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

இவையெல்லாம் வெளியிலிருந்து கிடைக்கும் ஊகச் சான்றுகள். நேரடிச் சான்று எண்ணெயில் இருக்கிறது. கம்ப்ரசரின் தண்டைச் சுற்றியுள்ள சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்சின் சுழற்சியில் சிதறி, பானெட்டின் அடிப்பக்கத்தில் கோடாகப் படிந்திருக்கும். பல மாதம் அசையாமல் நிற்கும் வண்டிகளில், குறிப்பாக உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க வீட்டில் மூடிக்கிடக்கும் கார்களில், இந்த சீல் காய்ந்து கசியத் தொடங்குவது வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் ஏ.சி.யை ஓடவிடச் சொல்வதன் காரணமும் அதுவே. கேஸை முறையாக மீட்டெடுத்த பின் கம்ப்ரசரின் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டவிட்டுப் பார்த்தால் ஐயம் பெருமளவு தீரும். தெளிந்த எண்ணெய் உள்தேய்மானம் கடுமையாக இல்லை என்பதைக் காட்டுகிறது. அலுமினியத் துகள்கள் மின்னும் சாம்பல் நிற எண்ணெயும், கரியைப் போலக் கறுத்த எண்ணெயும் உள்ளே உலோகம் உலோகத்தோடு உராய்ந்ததைக் காட்டுகின்றன. கம்ப்ரசரைக் குற்றவாளியாக அறிவிக்க இதைவிட வலுவான சான்று இல்லை.

இனி இரண்டாவது வினா. எண்ணெய்ப் பஞ்சமே முதற்காரணம். அதன் பின்னணியில் பெரும்பாலும் ஒரு சிறு கசிவும், அக்கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் நடந்த ‘கேஸ் டாப்-அப்’பும் இருக்கும். ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பப்படுகிறது, கூடவே வெளியேறிய எண்ணெய் நிரப்பப்படுவதில்லை. கேஸை அளவுக்கு மீறி ஏற்றினாலோ எக்ஸ்பான்ஷன் வால்வு மூடாமல் நின்றாலோ ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் புகுகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாதாகையால் தகட்டு வால்வுகள் முறிகின்றன. ஓடாத விசிறி உயர் அழுத்தத்தை நாள்பட நீடிக்கவைத்து பேரிங்குகளைத் தேய்க்கிறது. ஈரம் புகுந்தால் எண்ணெய் அமிலத் தன்மை அடைந்து உலோகத்தை அரிக்கிறது. போலிக் கேஸ் இவை எல்லாவற்றிலும் கொடியது. ஆர்-134ஏ என்ற பெயரில் விற்கப்படும் கலப்படங்களில் மெத்தில் குளோரைடு இருந்தால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கக்கூடும். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல்களுக்கான குளிர்சாதனக் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததற்கு இத்தகைய கலப்படமே காரணமாகக் கண்டறியப்பட்டது. கார்ப் பணிமனைகளில் வாயு அடையாளங்காட்டிக் கருவி இன்னும் அரிதாகவே காணப்படுவது வருந்தத்தக்கது.

காரணத்தை அறிவது பொருத்தும் முறையையும் தீர்மானிக்கிறது. உலோகத்துகள் கண்ட சுற்றில் புதிய கம்ப்ரசரை மட்டும் மாட்டினால், கண்டென்சரில் தங்கிய துகள்கள் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்தும், எண்ணெயோடு சுற்றி வந்தும் புதியதையும் அரைத்துவிடும். குழாய்களையும் ஆவியாக்கியையும் கரைப்பானால் ஃபிளஷ் செய்யலாம். ஆனால் இக்காலக் கண்டென்சர்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்வழிகள் பல இணையாக ஓடுவதால், கரைப்பான் திறந்திருக்கும் வழிகளில் பாய்ந்துவிட்டு அடைத்த வழிகளை அப்படியே விட்டுவிடும். அவற்றை மாற்றுவதே நேர்மையான பரிந்துரை. ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கூடவே மாற வேண்டியவை. புதிய கம்ப்ரசர் பல வேளைகளில் சுற்று முழுவதற்கும் தேவையான எண்ணெயோடு வருகிறது. பிற உறுப்புகளில் தங்கியுள்ள எண்ணெயைக் கணக்கிட்டு, பழைய கம்ப்ரசரிலிருந்து வடிந்த அளவை அளந்து, மிகையைக் கழிக்காவிட்டால் எண்ணெய் மிகுந்து குளிர்ச்சி குன்றும். பிறகு வெற்றிடமாக்கல், பணிமனை வழக்கில் ‘வேக்கம் போடுதல்’. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் வளிமண்டல அளவின் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டும்; அவ்வளவு ஆழத்துக்குப் போய், அங்கே போதிய நேரம் நின்றால்தான் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு நிறுத்துவது ஈரத்தைக் குழாய்க்குள் பூட்டிவைப்பதாகும். கேஸை ஏற்றுவது முள்ளைப் பார்த்தல்ல, எடை போட்டு. 400 கிராம் மட்டுமே கொள்ளும் சிறிய காரில் 50 கிராம் பிழை என்பது எட்டில் ஒரு பங்கு.

மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட்களிலும் பெல்ட் இல்லை. உயர் மின்னழுத்த மோட்டாரும் ஸ்க்ரோல் பொறியும் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. கேஸ் அந்த மோட்டாரின் சுருள்களைத் தொட்டபடியே பாய்வதால் எண்ணெய் மின்கடத்தாப் பண்பு உடையதாக இருந்தாக வேண்டும். சாதாரணக் கார்களுக்குரிய பிஏஜி எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்பு குறைந்து, வண்டியின் கணினி மின்கசிவுப் பழுதைப் பதிந்து, காரையே இயங்கவிடாமல் நிறுத்திவிடக்கூடும். மின்கலத்தைக் குளிர்விப்பதும் பல மாடல்களில் இதே கம்ப்ரசர்தான் என்பதால் அதன் பழுது விரைவு மின்னேற்றத்தையும் பாதிக்கிறது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொட வேண்டிய இந்தப் பணி பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

சோதனைக்காகக் கேஸைக் காற்றில் திறந்துவிடும் வழக்கமும் கண்டிக்கத் தக்கது. ஆர்-134ஏ-யின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் இத்திறன் 150-க்கு மேற்பட்ட குளிர்பதனிகளை 2017 முதல் புதிய கார்களில் முற்றாக விலக்கிவிட்டு ஆர்-1234ஒய்எஃப்-க்கு மாறியிருக்கிறது. இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான பன்னாட்டு உடன்பாடான கிகாலி திருத்தத்தை 2021-இல் ஏற்ற இந்தியாவில் இவ்வகை வாயுக்களின் அளவு 2028-இல் உறைநிறுத்தப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட இருக்கிறது.

கம்ப்ரசரை மாற்றச் சம்மதிக்கும் முன் வாகன உரிமையாளர் மூன்றைக் கேட்டுப் பெறலாம்: ஓய்வுநிலையிலும் ஓடும் நிலையிலும் எடுத்த அழுத்த அளவுகள், கிளட்ச் இணைப்பில் அளந்த வோல்டேஜ், பழைய கம்ப்ரசரின் எண்ணெய் சொட்டிய தாள். பணி முடிந்த பின் ரசீதில் ட்ரையரின் பெயரும், ஏற்றிய கேஸின் எடையும் கிராமில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத ரசீதோடு வரும் புதிய கம்ப்ரசருக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்டாலும் அதை நம்ப வேண்டியதில்லை.